நாலில் ஒரு பங்கு

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கோதண்டத்துக்கு ஒரு ஹாஸ்டல் இருந்தது. கம்பெனிகளில் மூன்று ஷிப்டிலும் வேலை பார்க்கும் தெற்கத்திப் பையன்கள் எண்பது பேர் அங்கே தங்கியிருந்தார்கள். வார்டன் நெல்லையப்பன். அவர் மனைவி இசக்கிசெல்வி மெஸ்ஸில் சமையல்.

நெல்லையப்பனிடம் மணி கேட்டால்கூட பேச்சு ராமநாதபுரத்து கேஸ் கிணற்றில் போய்த்தான் நிற்கும். எட்டு வருஷம் அங்கே பிரஷர் மீட்டர் பார்த்து எழுதியவர்.

"வால்வைக் கொஞ்சமாத் தொறந்து பிரஷர் எதுல நிக்குன்னு பாக்கணும்டே. பொறவு இன்னும் கொஞ்சம். இப்படி நாலு தடவ. கடைசில இறுக்கி மூடிட்டு, எறங்குன பிரஷர் எப்படி ஏறுதுன்னு பாக்கணும். முழுசாத் தொறந்தா எம்புட்டு வரும்னு இன்ஜினியர் கிராப் தாள்ல கோடு போட்டுச் சொல்லிருவாரு. வருதுன்னு அம்புட்டையும் எடுத்தா கிணறு செத்துரும். நாலுல ஒரு பங்குதான் எடுக்கணும்."

இந்த விதியை மெஸ் இட்லிக்கும் கொண்டுவரப் பார்த்து, பையன்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவ்வளவு நல்ல வேலையை ஏன் விட்டீர்கள் என்றால் மட்டும் பதில் சுருக்கமாக வரும். "உப்புக் காத்து ஒத்துக்கல. டாக்டர் வேணாம்னாரு. மேலதிகாரி ரொம்ப வருத்தப்பட்டாரு. நானே எழுதிக் குடுத்துட்டேன்."

2012 சித்திரையில் கோதண்டம் புது போர் போட்டார். கம்ப்ரஸர் வைத்து அடித்ததும் தண்ணீர் மாடி உயரத்துக்கு எழும்பியது. கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. நனைந்த வேட்டியோடு தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டு, தினம் பத்து லோடு தருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

நெல்லையப்பன் கோடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து லோடு உறிஞ்சி ஆனியில் கிணறு வற்றினால் எண்பது பேரும் எங்கே போய்க் குளிப்பார்கள்?

"ஒருநாள் பொங்குனத வச்சு வாக்குக் குடுக்காதீய அண்ணாச்சி. டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

"தண்ணிக்கு இன்னாபா டெஸ்ட்டு?"

"கேஸுக்குப் பிரஷர், தண்ணிக்கு மட்டம். மொறை ஒண்ணுதான்."

ஞாயிறு காலையிலேயே ஆரம்பித்தார். கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி இறக்கினார். டப்பா தண்ணீரைத் தொட்டு 'டொப்' என்றதும் முடிச்சுகளை எண்ணி எழுதினார். மோட்டாரைப் போட்டு, தண்ணீரை வெளியே திருப்பிவிட்டு, வால்வைக் கால், அரை, முக்கால் என்று திறந்து, முழுசாகத் திறந்தபோது நாற்பதடியில் இருந்த மட்டம் நூற்றுப்பத்துக்கு இறங்கியிருந்தது. மோட்டாரை நிறுத்தினார். இனி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் ஏறுவதைப் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் மோட்டாரைத் தொடக் கூடாது. மேலே டேங்க் காலியாகி, சோப்பு நுரையோடு நின்ற நாலு பேர் அவருடைய வம்சத்தையே வாழ்த்தினார்கள்.

"நீ போய் சாப்டுபா, நான் பாத்துக்கறேன்" என்றார் கோதண்டம். அவர் அவ்வளவு பிரியமாகப் பேசியபோதே நெல்லையப்பன் உஷாராகியிருக்க வேண்டும். என்ன செய்வது, மெஸ்ஸில் கோழிக்குழம்பு. சாப்பிட்டுக் கண்ணயர்ந்து திரும்பியபோது மணி நாலை நெருங்கியிருந்தது.

கோதண்டம் வேப்பமரத்தடியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். "கடைசி தபா எறக்கறப்ப கயிறு கை நழுவி உள்ள பூட்ச்சிபா. பரவால்ல, எல்லாம் எழுதி வெச்சிக்கீறேன். தண்ணி பழையபடி நாப்பதுக்கே வந்துட்ச்சி!"

நெல்லையப்பன் நோட்டைப் பார்த்தார். நூற்றைந்து, நூறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூறு. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பிசகாமல் ஐந்தடி. விரலை வைத்து வரிசையை இன்னொரு முறை பார்த்தார்.

"இது பொய் அண்ணாச்சி."

"யோவ், நீயா பாத்தே?"

பையன்கள் கூடிவிட்டார்கள். லாரிக்காரரும் பைக்கில் வந்து இறங்கினார். மெஸ் வாசலில் இசக்கிசெல்வி கரண்டியோடு நின்றாள்.

"கிணறு இப்படி ஏறாது. மொதல்ல ஓடும், பொறவு நடக்கும், கடைசில தவழும். படிக்கட்டு மாதிரி ஏறவே ஏறாது."

"அத்த நீ எப்டி சொல்றே?"

நெல்லையப்பன் நோட்டை மூடினார். சொல்லாவிட்டால் பையன்களின் தண்ணீர் போகும். சொன்னால் ஆறு வருஷமாகக் கட்டிக் காத்த மானம் போகும். சொல்லிவிட்டார்.

"நானும் இப்படித்தான் எழுதுனேன். மீட்டர் பாக்காமத் தூங்கிட்டு, அஞ்சஞ்சாக் கூட்டி நிரப்பி வச்சேன். இன்ஜினியர் நோட்டைப் பாத்த மாத்திரத்துல கண்டுபிடிச்சு, அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாரு. உப்புக் காத்துமில்ல, ஒண்ணுமில்ல."

கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டே தபாதான் எறக்குனேன்பா. வெயில் தாங்கல. எப்டியும் ஏறிக்கினுதான கீது, நாமளே எழுதிக்கலாம்னு..."

"அளவு தெரிஞ்சப்புறம் கூப்புடுங்க" என்று லாரிக்காரர் வந்த வழியே போய்விட்டார். மறுநாள் புதுக் கயிற்றில் எல்லாவற்றையும் மறுபடி செய்து பார்த்தார்கள். மாலை வரை காத்திருந்தும் தண்ணீர் அறுபதடிக்கு மேல் ஏறவில்லை. நாலில் ஒரு பங்கு ஹாஸ்டலுக்கே சரியாக இருந்தது. லாரிக்காரரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, கூட்டம் கலைந்ததும் நெல்லையப்பன் மெஸ்ஸுக்குள் போய் மனைவி எதிரில் தலைகுனிந்து நின்றார். "ஒன்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

இசக்கிசெல்வி குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும். உப்புக் காத்து, டாக்டர், மேலதிகாரின்னு நெசமான காரணம் அம்புட்டு வரிசையாவா வரும்?"