கொடியேறும் கிழமை

ஒஸ்லோ, ரொம்மனில் அக்காவின் குசினி. பாரிசிலிருந்து நேற்றுத்தான் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஊலா, சால்மன், ட்ரவுட் மீன்களுக்காகத் தானே இறகால் கட்டிய தூண்டில் பூச்சிகளை மேசையில் பரப்புகிறார். எங்களைக் கூட்டிப்போக ஜூலையில் ஆற்றில் மீன்பிடிக்க அனுமதியும் எடுத்துவிட்டார்.

அக்கா கலண்டரைப் பார்க்கிறாள். "ஐயோ, அந்தக் கிழமை கோயில் கொடியேறுது. நாங்கள் மீன், மச்சம் ஒண்டும் தொடமாட்டம்."

அத்தான் தயங்கித் தயங்கி அதை நொர்வேஜிய மொழியில் சொல்கிறார். ஊலா பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு ஏதோ கேட்கிறார். அத்தான் சிரிக்கிறார்.

"ஓகஸ்டிலயும் ஆத்தில மீன் ஏறுமாம், அப்ப போகலாமாம். அந்தக் கிழமை கோயில்ல தனக்கும் சாப்பாடு தருவினமோ எண்டு கேக்கிறார்."

அக்கா மீன் கட்லட் தட்டை அப்படியே அவர் பக்கம் தள்ளுகிறாள்.

"தருவினம். கொடியேறுமட்டும் இதைச் சாப்பிடச் சொல்லுங்கோ."