எண் எழுதாத வீடுகள்

இன்று அலுவலகத்தில் யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்க, கடுகெண்ணெய் வாசனை வந்தது. எழுபதுகளில் சதுரங்கப்பட்டினம் பக்கம் அணுமின் நிலையத்துக்கு எல்லா மாநிலத்திலிருந்தும் வந்தவர்களுக்காக மணலில் எழும்பிய எங்கள் டவுன்ஷிப்பில் மறுபடியும் தொலைந்துபோனேன். அப்போது அங்கே மரங்கள் கிடையாது. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, ஒரே சன்னல். எல்லா வீடும் அப்படித்தான், எண்கூட எழுதியிருக்கவில்லை.

குடிவந்த மறுநாள், பள்ளி விட்டு வந்து எங்கள் கதவென்று தள்ளினேன். உள்ளே இதே வாசனை. யாரோ ஒரு பெண் புரியாத மொழியில் கத்தினாள். ஓடினேன். எந்தத் தெருவில் திரும்பினாலும் அதே கதவு, எல்லாப் பக்கமும் கடல் இரைச்சல்.

கலவை சுமந்து வந்த சித்தாள் ஒருத்தி நின்றாள்.

"இன்னா பாப்பா, வூடு தெரியலியா? கட்டுன எங்களுக்கே எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் கீது! அழுவாத, உங்கம்மா தேடிக்கினு வரும்."

அம்மா வந்தாள், அழுதுகொண்டே. என்னைத் தேடிக் கிளம்பியவளுக்குத் திரும்பிப்போக வழி தெரியவில்லை. அதன்பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

கையைப் பிடித்துக்கொண்டு கதவு கதவாக முகர்ந்தபடி நடந்தோம். கடுகெண்ணெய், தேங்காயெண்ணெய், புளிச்சக்கீரை. கடைசியில் ஒரு கதவில் அம்மா அடுப்பில் விட்டுவந்த ரசம் மணத்தது. ஆனால் ரசம் வேறு வீட்டிலும் கொதிக்கலாமே; தள்ளத்தான் இருவருக்கும் தைரியம் வரவில்லை.