ஷார்ஜா பிட்ச்சில் என் ஒரு பந்து

அபுதாபிக்கு வந்து ஆறு வருடமாகியும் ஷார்ஜா கிரிக்கெட் ஸ்டேடியத்தை நான் பார்த்திருக்கவில்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. திருச்சியில் கல்லூரி அணிக்கு லெக் ஸ்பின் போட்டவள் நான். கல்லூரியோடு நின்றுவிடவில்லை, பல்கலைக்கழக அணி வரை போனேன். (தற்பெருமைதான். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், போகப் போக இது கூடும்.) ஹாஸ்டல் டிவியில் ஷார்ஜா ஆட்டம் ஓடினால் வார்டன் வந்து அணைக்கும்வரை நாங்கள் நகரமாட்டோம். அந்த பிட்ச்சில் ஒரே ஒரு பந்தாவது போட வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்தது, பிறகு விடவே இல்லை.

2008 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு சைட்டில் டூட்டி விழுந்தது. "ரெண்டு பேரும் மாலுக்குப் போயிட்டு வாங்களேன்" என்றார். பதினோரு வயது மகள் மதுமிதாவும் அவர் கட்சி. நான் ஷார்ஜா என்றேன். மேட்சே நடக்காத ஸ்டேடியத்தைப் பார்க்க நூற்றெழுபது கிலோமீட்டரா என்று இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். நான் பஸ் டிக்கெட் எடுத்தேன்.

காலை ஆறு மணி பஸ், ஆளுக்கு முப்பது திர்ஹாம். இரண்டரை மணி நேரத்தில் ஷார்ஜா. கடைத்தெருவான ரோலாவில் இறங்கி ஒரு தமிழ்க் கடையில் இட்லி, வடை, காபி. வெள்ளிக்கிழமை காலையில் ரோலா தூங்கி வழியும், ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடைகள்கூடத் திறந்திருக்காது. அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு டாக்ஸியில் பத்து திர்ஹாம்தான் ஆனது. டிரைவர் பெஷாவர்க்காரர். இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உதர் அப் குச் நஹி, பாஜி" என்றார். அங்கே இப்போது ஒன்றும் இல்லையாம்; பாஜி என்றால் அக்கா. பெரிய ஆட்டங்கள் நின்று நாலைந்து வருடமாயிற்று என்பது எனக்கும் தெரியும். "பர்வா நஹி, சலோ" என்றேன்.

ஒன்றும் இல்லாமல் இல்லை! சுற்றிலும் ஒர்க்‌ஷாப்புகளும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் நெருக்கியடிக்க, நடுவில் பச்சைப் பசேலென்று மைதானம். உள்ளே கம்பெனி அணிகளின் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நுழைவு இலவசம். டிவியில் கடலாகத் தெரிந்தது நேரில் கைக்கடக்கமாகத்தான் இருந்தது. மரியாதை குறையவில்லை, இன்னும் சொந்தமாகிவிட்டதுபோல் இருந்தது. பந்து போடுபவருக்கு நேர் பின்னால் இடம்பிடித்து உட்கார்ந்தோம்.

இரண்டாவதாக ஆடிய அணியை ஒரு தாடிக்காரர் லெக் ஸ்பின் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். சியால்கோட்காரர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ஐந்து விக்கெட் போயிருந்தது, அதில் மூன்று கூக்ளியில். பேட்ஸ்மேன் வெளியே திரும்பும் என்று நினைத்து ஆட, பந்து உள்ளே புகுந்து ஸ்டம்பைத் தட்டியது. எனக்கோ கை துறுதுறுத்தது. கூக்ளிக்கு மட்டும் அவர் மணிக்கட்டு தாழ்ந்து இறங்கியது, பின்னால் இருந்த எங்களுக்கு உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஜும்மா தொழுகைக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் இந்த இடைவேளையும் உண்டு. பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போக, மீதிப் பேர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஓரத்து நெட்டில் இரண்டு பேர் மட்டும் பயிற்சி செய்தார்கள். வேலி ஓரமாகப் போனால் தமிழ் கேட்டது.

"எது உள்ள வருது, எது வெளிய போவுதுன்னே வெளங்கலடா மாப்ள."

"தம்பி, பிட்ச்ச பாக்காதீங்க. கையப் பாருங்க" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

பேட்ஸ்மேன் திரும்பிப் பார்த்தார். பெயர் செல்வராஜ், பரமக்குடிக்காரர், பைப் ஃபிட்டர். ஐந்தாவது விக்கெட் விழுந்ததோடு இடைவேளை வந்துவிட்டதால், அது முடிந்ததும் தாடிக்காரரை எதிர்கொள்ள அவர்தான் இறங்க வேண்டும்.

"அக்கா வெளயாடுவீகளோ?"

"லெக் ஸ்பின் போட்டவதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நெட் கதவைத் திறந்தார். "வந்து போடுங்கக்கா, புண்ணியமாப் போவும். நாங்க ஜெயிக்கிற வரைக்குந்தான் கம்பெனி வெள்ளிக்கெழம லீவு குடுக்கும். இன்னைக்குத் தோத்தம்னா அடுத்த வெள்ளி ஓவர்டைம்னு எல்லாரையும் சைட்டுக்கு ஏத்திருவான்."

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டேன். முதல் பந்து வலைக்கு மேலே பறந்தது. இரண்டாவது என் காலடியிலேயே விழுந்தது. "அம்மா ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க. லெட்ஸ் கோ" என்றாள் மதுமிதா. நான் நகராததைப் பார்த்து ஸ்டாண்டுக்குத் திரும்பிப்போய், யாரோ எவரோ என்பதுபோல் தள்ளி உட்கார்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பந்தைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாவது பந்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. கூக்ளி. செல்வராஜின் பேட்டுக்கும் காலுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. அடடா, அந்தச் சத்தம்! பதினேழு வருடம் கழித்துக் கேட்டேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"இன்னொன்னு போடுங்கக்கா" என்றார் செல்வராஜ். விரல் தோல் உரியும்வரை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் பந்து என் கையை விடும்போதே "உள்ள! வெளிய!" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார்.

முடிவுக்கு முன்னால் வழிச்செலவு விவரத்தை முடித்துவிடுகிறேன், பிறகு எனக்கு நிதானம் இருக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள், வெயில் காலத்தில் பகலில் உட்கார முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் சுற்றிலும் கடை திறந்திருக்காது, சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள். திரும்ப ஸ்டேடியம் வாசலில் டாக்ஸி கிடைக்காது, மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் போக வர, சாப்பாடு உட்பட நூற்றெழுபது திர்ஹாம் ஆனது. மாலுக்குப் போயிருந்தால் இதைப்போல் இரண்டு மடங்கு பழுத்திருக்கும்.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடர்ந்தது. வெற்றிக்கு இன்னும் நாற்பத்திரண்டு ரன். தாடிக்காரரின் முதல் கூக்ளியை செல்வராஜ் இலகுவாக மிட்விக்கெட் பக்கம் தள்ளி நான்கு ரன் எடுத்தார். நான் எழுந்து விசிலடித்தேன். மதுமிதா இன்னும் நாலு இருக்கை தள்ளித்தான் இருந்தாள். ஆனால் அடுத்த ஓவரில் "அம்மா, இது உள்ளயா வெளியவா?" என்று அங்கிருந்தே கேட்டாள். கடைசி ஓவரில் ஜெயித்தார்கள். "அடுத்த வெள்ளி லீவுடா!" என்று ஒரு கூட்டமே மைதானத்தில் உருண்டது.

தாடிக்காரர் செல்வராஜிடம் ஏதோ கேட்க, அவர் ஸ்டாண்டைக் காட்டினார். தாடிக்காரர் நேராக வேலிக்கு வந்தார். "மேரி கூக்ளி இஸ்கோ கிஸ்னே சிகாயி?" தன் கூக்ளியை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அதட்டலாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதுமிதா இருக்கைகளைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"மை மதர்" என்றாள், ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்படி.

அவர் முகம் மலர்ந்தது. பந்தை என் பக்கம் தூக்கிப் போட்டு, நடு பிட்ச்சைக் கையால் காட்டினார். "ஏக் டாலோ, பாஜி." ஒரு பந்து போடச் சொன்னார்.

நெட்டில் இல்லை, ஓரத்தில் இல்லை. நடு பிட்ச்! "போம்மா" என்று என் கைப்பையை வாங்கி மாட்டிக்கொண்டு மதுமிதாவே முன்னால் நடந்தாள். இரண்டு அணியும் விலகி நிற்க, செல்வராஜ் பேட்டோடு நின்றார். போட்டேன். பந்து எங்கே விழுந்தது, என்ன ஆனது என்று கேட்காதீர்கள். ஷார்ஜாவில் நான் பந்து போட்டிருக்கிறேன். கேட்பவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தும் சொல்வேன்.