அரிசிச் சட்டியில் அரித்த நிலக்கரி

எங்கள் வீட்டு அரிசிச் சட்டியைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு இன்றும் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மலேசியாவில், கூலிம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பாய்லருக்கு நிலக்கரி போடும் வேலை அப்பாவுக்கு. அந்த வருடம் மலிவான கரி வர ஆரம்பித்தது. எரிந்த பிறகு அது சாம்பலாக உதிரவில்லை. கட்டிகட்டியாக உருகி அடுப்புக் கம்பிகளில் ஒட்டிக்கொண்டது. பாய்லர் அடிக்கடி நின்றது. பழி அப்பா மேல் விழுந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் மலாய் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். தன் கவனக்குறைவால் பாய்லர் கெட்டது என்று ஒப்புக்கொள்ளும் கடிதம் அது. ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும்.

“போடாதீங்கப்பா,” என்றேன். கரியில் கல் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள் என்றார். கொஞ்சம் கரி கொண்டுவாருங்கள், நான் நம்ப வைக்கிறேன் என்றேன். மறுநாள் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்தார்.

கடை அரிசியில் கல் வருவது எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் அம்மா இரண்டு சட்டி வைத்து, தண்ணீரில் அலைத்து அலைத்துச் சாய்த்து, அரிசியை அரித்துத்தான் உலையில் போடுவார். அரிசி தண்ணீரோடு அடுத்த சட்டிக்குப் போகும். கல் அடியில் தங்கும். நான் கரியை உரலில் இடித்து, அதே சட்டியில் அப்படியே அரித்தேன். லேசான கரி நகர்ந்து போனது. அடியில் வெளிறிய கல்லும், நடுநடுவே மஞ்சளாக மினுங்கும் மணிகளும் நின்றன.

அம்மாவின் தம்பி எட்டிப் பார்த்தார். “தங்கம் லா இது. இனி உங்கப்பா வேலைக்கே போக வேணாம்.”

அரித்த கரியைக் காயவைத்துக் கொஞ்சம் எரித்தோம். சாம்பல் பொடியாக உதிர்ந்தது. ஆனால் தீக்குச்சி நாற்றம் மட்டும் போகவில்லை. குளிப்பாட்டியும் நாறுகிறதே என்று மாமா சிரித்தார். இன்னும் மூன்று முறை அரித்தேன். அப்போதும் நாறியது. என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறை. கரி ஒரு டின், கல் ஒரு டின் என்று எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன். மேற்பார்வையாளர் தமிழர்தான்.

“என்ன தங்கச்சி, அப்பாவுக்கு லாயரா?”

“அப்பா போட்டது கரி சார். நீங்க வாங்கினது கல்லு.” கல் டின்னை அவர் மேசையில் கவிழ்த்தேன்.

அப்பா அந்தக் கடிதத்தைக் கற்களின் பக்கத்தில் வைத்தார். “கையெழுத்து போட மாட்டேன் சார்.” அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மேற்பார்வையாளர் கதவை ஒருமுறை பார்த்தார். கற்களை அவசரமாக டின்னுக்குள் வழித்துப் போட்டு, கடிதத்தோடு சேர்த்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரச் சொன்னார்.

இன்று பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் படிக்கிறேன். அந்த மஞ்சள் மணிகளில் இருந்தது இரும்பும் கந்தகமும். இடித்து அரித்தால் பெரும்பாலும் போய்விடும். கரியோடு கரியாகவே கலந்துவிட்ட கந்தகத்தை எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பிரிக்க முடியாது. என் கையில் குறையே இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: அரிக்காத கரி என்பதால்தான் அது மலிவு. வாங்கியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

கல்லைப் பார்த்து அந்த மனிதர் ஏன் ஆச்சரியப்படவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை. என் கற்களைப் பரிசுக் கோப்பை மாதிரிப் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டார் என்று, மோட்டார் சைக்கிளில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வீடு வரைக்கும் பெருமையடித்துக்கொண்டே வந்தேன்.