ஷார்ஜாவிலிருந்து வராத ஸ்பீக்கர்

போன சனிக்கிழமை குடவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு ரத்தக்கொதிப்பு எகிறிவிட்டது. காரணம், என் மகள் ஷமீமா செய்த ஸ்பீக்கர். அதை அவள்தான் செய்தாள் என்பதை அறிவியல் கண்காட்சிக்கு வந்த நடுவர் நம்பவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண், இரண்டு மாதமாக வீட்டை இரண்டாக்கியிருந்தாள். மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டும் கடையில் மிச்சக் கம்பி. பழைய இரும்புக் கடையில் காந்தம். கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒரு கூம்பு. டேப்ரிகார்டரில் மாட்டினால் நாகஸ்வரம் கணீரென்று வந்தது... தவிலைக் காணோம்!

"கூம்பு சின்னதா இருக்கும்மா" என்று மாதக் காலண்டரில் கைவைத்தாள். தவில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இந்த வருஷம் நவம்பர் கிடையாது.

கடைசியில் சரிபார்க்க, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அத்தா, பேசி அனுப்பும் கேசட்டைத்தான் போடுவாள். ஏன் என்று கேட்டேன்.

"பாட்டு லேசா மாறினா எனக்குத் தெரியாது. அத்தா குரல் மாறினா தெரிஞ்சுடும்ல?"



மாவட்டக் கண்காட்சிக்குப் பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஷமீமாவின் பள்ளிக்கு வந்திருந்த நடுவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், பெயர்ச் சீட்டைப் பார்த்தார்.

"அப்பா எங்க இருக்காரு?"

"ஷார்ஜாவுல, சார்."

"அதானே பார்த்தேன்! ஃபாரின் சாமானைப் பிரிச்சு அட்டையை ஒட்டிக் கொண்டாந்தா தெரியாதா எங்களுக்கு?"

நம் பக்கத்தில் இது ஒரு வியாதி. சோப்பு வாசனையாக இருந்தால், பேனா வழவழவென்று எழுதினால் – "எந்த நாட்டுலேருந்து வந்துச்சு?" எல்லா ஃபாரின் கம்பெனிச் சரக்கும் கடைத்தெருவிலேயே வந்து குவிகிற காலம் இது. அப்போதும் நம் பிள்ளைகள் கையால் ஒன்று செய்வார்கள் என்று மட்டும் நம்ப மாட்டோமா?

நான் வாயைத் திறப்பதற்குள் ஷமீமா முந்திக்கொண்டாள். "நீங்க சும்மா இருங்கம்மா."

மளமளவென்று காயிலைப் பிய்த்தெடுத்தாள். ஒரு காகிதக் குழலையும் புதுக் கம்பியையும் நடுவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சுத்துங்க சார். நாப்பது சுத்து."

எல்லோரும் பார்க்கிறார்களே, மறுக்க முடியுமா? சுற்றினார். இருபதில் கம்பி நழுவியது. "முதல்லேருந்து சார்" என்றாள் தயவுதாட்சண்யம் இல்லாமல். பிள்ளைகள் கூடிநின்று கோரஸாக எண்ணினார்கள். நாற்பது ஆனதும் கம்பியின் முனைகளை பிளேடால் சுரண்டி, குழலைக் கூம்பில் ஒட்டி, காந்தத்தின் மேல் பொருத்தி, டேப்ரிகார்டரில் இணைத்து பட்டனை அழுத்தினாள்.

கரகர... கரகர... பிறகு தெளிவாக என் வீட்டுக்காரர் பேசினார்.

"அடுத்த தடவை வர்றப்ப ஷமீமாவுக்குப் பெரிய ஸ்பீக்கரா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்."

ஹாலே சிரித்தது. நடுவர் மட்டும் குனிந்து அந்தக் காயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சுத்தினதாம்மா பேசுது?"

"ஆமா சார்."

பேனாவை எடுத்தார். மாவட்டத்துக்கு ஷமீமா பெயரை எழுதினார். எழுதிவிட்டு, "தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா" என்றார். நான் அழுதேன். பெருமையில்தான், ஒளிப்பானேன்? முந்தானை நனைய அழுதேன்.

அன்று சாயங்காலமே அத்தாவுக்குப் பதில் கேசட் பேசினாள் என் மகள்.

"ஸ்பீக்கர் வேணாம் அத்தா. காந்தம் மட்டும் கொண்டாங்க... நல்லா பெருசா!"