தந்தியில் எங்கள் ஊருக்கு இரண்டெழுத்து

அறுபதுகளில் என் கணவர் சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. ஊர்ப்பெயரை முழுசாகத் தட்டினால் கை ஓய்ந்துவிடும் என்று, தந்தி வந்த காலத்திலேயே பெயர்களை நறுக்கிவிட்டார்களாம். ஸ்டேஷன் குறிகள் பிறந்ததே அப்படித்தான் என்பார். எங்கள் ஊருக்குத் தந்திக் கம்பியில் இரண்டே எழுத்து.

பக்கத்து வீட்டு பாய் இரும்புக்கடை வைத்திருந்தார். மகளைக் கடலூரில் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. கல்யாணப் புடவைகளைப் பெட்டியில் போட்டு, பம்பாயிலிருந்து அவருடைய தம்பி ரயிலில் அனுப்புவதாக ஏற்பாடு.

"பெட்டி மேல என்னா எழுதச் சொல்லட்டும் தம்பி?" என்று பாய் என் கணவரிடம் கேட்டார்.

"முழுப் பேரு எதுக்கு பாய், ரெண்டெழுத்து போதும். ரயில்ல எல்லாருக்கும் புரியும்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். இவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டி வரவில்லை. விசாரித்த பிறகுதான் இவருக்கே உறைத்தது. அந்த இரண்டெழுத்து எங்கள் பக்கத்துக் கம்பியில் மட்டும்தான் செல்லும்; சாமான்களுக்கு வேறு குறி. சாமான் குறியில் அதே இரண்டெழுத்து வடக்கே ஏதோ ஓர் ஊருக்கு இருந்தது. பெட்டி அங்கே போய்விட்டது.

அன்றைக்கு இவர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பாய்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். 'நல்லதுக்குத்தானே சொன்னீங்க, நீங்க என்னா பண்ணுவீங்க'ன்னுட்டாரு. நாலு வார்த்த திட்டியிருந்தா தேவலாம்."

நான் என் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி தயங்கினார்.

"உன் கல்யாணப் பொடவையாச்சே தங்கச்சி."

"நம்ம பொண்ணு கட்டுனா என்னாக்கா."

அதைக் கட்டிக்கொண்டுதான் அந்தப் பெண் நிக்காஹுக்கு உட்கார்ந்தாள். பந்தியில் பாய் இவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். இவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பெண் கடலூருக்குப் போன பிறகு பெட்டி வந்து சேர்ந்தது. பாய் அதிலிருந்து ஒரு பச்சைப் பட்டுப்புடவையை எனக்குக் கொடுத்தனுப்பினார். வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கட்ட வேண்டியது" என்றார்.

உள்ளே போய் வேறு புடவை மாற்றிக்கொண்டேன்.

பல மாதம் கழித்து பாயின் மனைவி கேட்டார்: "ஏன் தங்கச்சி, பச்ச புடிக்கலையா?"

"பத்திரமா வச்சிருக்கேன்க்கா" என்றேன்.