சத்தம் இல்லாத வீடியோ

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அது நடந்த அன்று காலையில் நான் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நாடகப் பாடம் எடுக்கிறேன். வெளிநாட்டுப் பாடத்திட்டம். மூன்றே பிள்ளைகள். "நாடகத்துக்கெல்லாமா சார் பரீட்ச?" என்று கேட்காத ஆளில்லை. உண்டு. இரண்டு வருடம் படித்து, கடைசியில் மூவரும் சேர்ந்து அரை மணி நேரம் நடிக்க வேண்டும். அதை இடையில் நிறுத்தாமல், எதையும் வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான்.

போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை எடுத்தோம். கேமராவை ஓடவிட்டு, நான் வெளியே வராந்தாவில் நின்று, கூச்சல் போட்டுக்கொண்டு போகும் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை போட்டுப் பார்த்தால் படம் இருக்கிறது, சத்தம் இல்லை. மைக் சுவிட்சைப் போட மறந்திருக்கிறேன். நான்தான். வேறு யாரும் அதைத் தொடவில்லை.

சனிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். மூவரில் ஒருவனான அந்துவான் அன்று, வெள்ளிக்கிழமை மாலையே குடும்பத்தோடு பாரிஸ் கிளம்புகிறான். நாடகச் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மண்டியிட்டேன். ஆண்டவரே, அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடும். எழுந்து போட்டுப் பார்த்தேன். இல்லை. மறுபடி மண்டியிட்டேன், மறுபடி போட்டேன். ஐந்து தடவை. தண்ணீரைத் திராட்சை ரசமாக்கியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று வாய்விட்டே கேட்டேன். வெறுத்துப்போனது.

இரண்டு வருடமாகக் கத்திக் கத்தி அந்தப் பிள்ளைகளை வேலை வாங்கியவன் நான். அதிலும் தேன்மொழியை. அரியாங்குப்பத்துப் பெண். அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஒத்திகை பாதி முடிந்திருக்கும். "உன்னாலதான் இந்த நாடகம் கெடப்போவுது" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளிடம் மைக் பழுது என்று சொல்லிவிடலாமா என்று கூட யோசித்தேன். அந்தப் பொய்க்கும் துணை வரும்படி ஆண்டவரைக் கேட்டேன், வெட்கக்கேடு. மனம் ஒப்பவில்லை. பத்து மணிக்கு மூவரையும் கூப்பிட்டேன்.

"தப்பு என்னோடதுதான். மைக்க போட மறந்துட்டேன்" என்றேன்.

அந்துவான் தலையில் கை வைத்துக்கொண்டான். தேன்மொழி அழுதாள். திட்டப்போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"சார், நேத்து நான் அரைப் பக்கம் வசனத்த விட்டுட்டேன் சார். இவங்க ரெண்டு பேரும் சமாளிச்சிட்டாங்க. சொன்னா கத்துவீங்கன்னுதான் சொல்லல. வீட்டுக்குப் போனதுலேர்ந்து சாமிய வேண்டிக்கினே இருந்தேன், இன்னொரு தடவ நடிக்க விடுன்னு."

எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை.

அந்துவான் உடனே வீட்டுக்கு போன் போட்டான். "பெட்டிய நீயே கட்டிடும்மா, மூணு மணிக்குள்ள வந்துடுறேன்."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை காதில் ஹெட்போனோடு கேமரா பக்கத்திலேயே நின்றேன். தேன்மொழி ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அன்று மாலையே அனுப்பினோம். மூவரும் நல்லபடியாகத் தேறினார்கள்.

கத்துவதை அடியோடு விட்டுவிட்டேன் என்றால் பொய். குறைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை தன் தப்பை என்னிடம் சொல்லப் பயந்து கடவுளிடம் போயிருக்கிறாள், அது இன்னும் உறுத்துகிறது.

கேட்டது கிடைக்கவில்லை என்று கோபமாக இருக்கிறீர்களா? கோபப்படுங்கள், செபத்தை மட்டும் விடாதீர்கள். நானும் அன்று ஆண்டவருக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னாலேயே ஒரு பெண் கேட்டு, வாங்கியும்விட்டாள். அவளுக்குக் கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கச் சொல்லித்தான் நான் ஐந்து தடவை மண்டியிட்டிருக்கிறேன். அவர் எனக்குச் செவிகொடுக்காததற்கு ஸ்தோத்திரம்.